வச்சாச்சு

"இதுக்கு மேல போக முடியலம்மா," என்றான் முன்னால் பிடித்து வந்தவன். "இந்தத் தட்டையெல்லாம் கொஞ்சம் நகர்த்தணும்."

படுக்கையின் தலைப்பக்கம் நடைக்குள் வந்துவிட்டது. கால்பக்கம் இன்னும் வாசல்படிக்கு வெளியே பனியில் நின்றது. நடுவில் வெள்ளைத் துணிக்குள் இசாமு. பின்னால் வந்த அவர் மனைவி ஹிசாயோ எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு விதைத்தட்டுகள். டிசம்பரில் இசாமு எங்கே இறக்கி வைத்தாரோ அங்கேயேதான் இருந்தன, நடையில் பாதியை அடைத்துக்கொண்டு.

"நகர்த்த வேண்டாம்," என்றாள். "மேலால தூக்கிட்டுப் போங்க."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயான வண்டிக்காரர்கள் எத்தனையோ வீட்டைப் பார்த்தவர்கள், எதிர்த்துப் பேசவில்லை. மார்பு உயரத்துக்குத் தூக்கி, தட்டுகளுக்கு இடையில் கால் வைக்க இடம் தேடித் தேடி, கொக்கு நடப்பதுபோல நடந்தார்கள். இசாமு தன் தட்டுகளின் மேலாக, ஒன்றிலும் படாமல், உள்ளே போய்ச் சேர்ந்தார்.

புத்தர் மாடம் இருக்கிற அறையில் வடக்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். முகத்தில் வெள்ளைத் துணி, வயிற்றின் இரண்டு பக்கமும் உலர்பனிக்கட்டி. வயதில் மூத்தவன் போகும்போது சொன்னான், இந்த அறையில் அடுப்பு போடக் கூடாது, கதவைச் சாத்தியே வைக்க வேண்டும், மற்ற இடங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று. ஹிசாயோ தலையாட்டினாள். அவர்கள் போனதும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்ஸி கிடைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று நர்ஸிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார், நர்ஸிடம்தானே என்று நினைத்து விட்டுவிட்டாள்.

காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் நடையில் எண்ணெய் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. மார்ச் பாதி ஆகியும் இந்த நயோரோ ஊரில் அடுப்பை அணைக்கிற குளிரா இது. மனிதர் இங்கே விறைத்துக் கிடக்கிறார், அந்த மண்ணுக்கு அங்கே கதகதப்பு. இந்த அறையின் குளிர் அந்தத் தட்டுகளுக்குச் சேர வேண்டியதல்லவா என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ, என்ன நினைப்பு இது என்று துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

இசாமு முப்பத்தாறு வருஷம் ரயில் பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு விதையில் இறங்கினார். கடையில் நாற்று வாங்கி நடுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. விதையிலிருந்தே வர வேண்டும். அதுவும் ஒரு வருஷத்தில் பூத்து ஒரு வருஷத்தில் செத்துப்போகிற பூ இல்லை, வேரோடு பனிக்கடியில் கிடந்து வருஷா வருஷம் எழுந்து வருகிற பூ. ரிந்தோ, மலை ப்ரிமுலா, காட்டுக் கொலம்பைன். ரிந்தோ விதையைப் பார்த்திருக்கிறீர்களா, பெரிய தும்மல் போட்டால் ஒரு தோட்டமே பறந்துவிடும். மண்ணில் தூவி, நனைத்து, அறுபது நாளாவது குளிரில் போட்டு வைத்தால்தான் அது கண்ணைத் திறக்கும். வெறும் குளிரில் வைத்தால் நயோரோக் காற்று உறிஞ்சி எடுத்துவிடும். அதனால் டிசம்பர் கடைசியில் கொட்டகைக்குத் தெற்கே தட்டுகளை வரிசையாக வைத்து, துணி மூடி, எலி வராமல் கம்பிவலை போட்டு, பலகை வைத்து, மேலே பனியைத் தள்ளி மூடிவிடுவார். வேலையில் இருந்தவரைக்கும் பனியை விரட்டினேன், இப்போது அதனிடம் வேலை வாங்குகிறேன் என்பார். வருஷம் தவறாமல் சொல்வார். ஹிசாயோ வருஷம் தவறாமல் சிரிக்க மாட்டாள்.

இந்தத் தடவை விதை தூவி முடித்து, நனைப்பதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. புத்தாண்டுக்கு வந்துவிடுவேன், வந்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை. பிறகு பார்க்கப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். வச்சிட்டியா. இன்னைக்குப் பனிப்புயல். வச்சிட்டியா. முட்டி வலி. வச்சிட்டியா. நாளைக்கு.

அவளும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை ரப்பர் பூட்ஸ் போட்டு, ஷவலை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றினாள். "அவர் வேலை அவர் வந்து செய்வாரு. நான் எதுக்கு," என்று யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை, மனதை யோசிக்க விடவும் இல்லை.

ஜனவரியில் ஒருநாள் அவர் கேட்டபோது வாயில் வேறு பதில் வந்தது.

"வச்சாச்சு."

இசாமு தலையணையிலிருந்து கழுத்தை மட்டும் திருப்பினார்.

"எந்தப் பக்கம்?"

"கொட்டகைக்குத் தெற்கால. நீங்க வைக்கிற எடத்துலதான்."

"நனைச்சியா?"

"நனைக்காமலா."

"எலி வலை?"

"போட்டு, நாலு மூலைக்கும் கல்லு வச்சு, பலகையும் போட்டாச்சு. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"ம்," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காதில் வாங்காததுபோல் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு எல்லாமே மனப்பாடமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

ஆனால் அதோடு ஒன்று நின்றுபோயிற்று. அதற்கப்புறம் அவர் கேட்க ஒன்றும் இல்லை. அவள் போவாள், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுப்பாள், இரண்டு பேரும் டிவியில் சுமோ பார்ப்பார்கள். சுமோ இல்லாத நாட்களில் வானிலை பார்த்தார்கள். ஆறு மணி ஆனதும் "பஸ் போயிடும், கிளம்பு" என்பார். அந்த ஒரு பொய்யை எடுத்துவிட்டால் ஏழு வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தெருப் பெண்கள் வருகிறார்கள். சாவு வீட்டில் அடுப்படி அவர்களுடையது. வீட்டுக்காரி கை வைக்கக் கூடாது. ஹிசாயோ சட்டென்று எழுந்து தட்டுகளைத் தூக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு நடை. குளியலறைக்குப் பக்கத்தில் துவைக்கிற இயந்திரமும் பாய்லரும் இருக்கிற சின்ன அறைக்குள் கொண்டுபோய் அடுக்கி, ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாள். கடைசித் தட்டை வைக்கும்போதே ஒனொதேராவின் குரல் கேட்டுவிட்டது.

ஒனொதேரா நான்கு வீடு தள்ளி இருப்பவள், அறுபது வயசு, தெருவில் எந்தக் காரியம் என்றாலும் முதல் ஏப்ரன் அவளுடையது. வந்ததும் இசாமுவின் முன்னால் மண்டியிட்டு, ஊதுபத்தி வைத்து, கும்பிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஹிசாயோவின் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரி பூரா உங்க பேச்சுதான் ஹிசாயோக்கா. என் தங்கச்சி அங்கதானே வேலை பார்க்கிறா. ஊசி போடப் போனாலும் சரி, படுக்கை மாத்தப் போனாலும் சரி, 'எங்க வீட்டம்மா இந்த வருஷம் ஒத்தையாளா பனியைத் தோண்டி எல்லாத் தட்டையும் வச்சிட்டா, தெரியுமா'ம்பாராம். கேட்டுக் கேட்டு அவளுக்கே விதை போடக் கத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சாம்."

ஹிசாயோ கையை உருவிக்கொள்ளவில்லை. "அப்படியா சொன்னாரு?"

"உங்ககிட்டச் சொல்லலையா?"

"நாங்க சுமோ பார்ப்போம்," என்றாள் ஹிசாயோ.

அன்று முழுவதும் இதே கதைதான். ஊதுபத்தி வைக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னார்கள். தபால்காரரின் மனைவிக்குத் தெரிந்திருந்தது. முடிவெட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தெருவில் இசாமுவின் நாற்று இல்லாத வீடு கிடையாது. மே கடைசியில் சைக்கிளில் பெட்டி கட்டி வீடு வீடாகக் கொடுத்து வருவார். உங்க கையால வச்சது, இந்த வருஷம் எனக்கு ரெண்டு கூடுதலா வேணும் என்று தபால்காரரின் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். ஹிசாயோ ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தாள். யாராவது கழிவறை எங்கே என்று கேட்டால் மட்டும் எழுந்து தானே கூடப் போனாள். கழிவறை பாய்லர் அறைக்கு அடுத்த கதவு. பாவம், புருஷன் போன துக்கத்தில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் ஒனொதேரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"துடைப்பம் எடுக்கப் போனேன் ஹிசாயோக்கா. தட்டை அதுக்குள்ள உள்ள எடுத்துட்டீங்களா? இன்னும் பனி இருக்கே."

"ஆமா," என்றாள். "எடுத்துட்டேன்."

"நல்லதுதான், வெதுவெதுன்னு இருக்கட்டும். ஆனா பாவம், பாலைவனமாட்டம் காஞ்சு கெடந்துச்சு. துக்கத்துல உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும். நான் ஊத்திட்டேன், ரெண்டு வாளி. சில்லுன்னு ஊத்தினா நடுங்கிப் போயிடுமேன்னு வெந்நீர் கலந்துதான் ஊத்தினேன்."

"ரொம்ப நன்றி," என்றாள் ஹிசாயோ.

சாயங்காலம் மகன் ஷின்யா சைத்தாமாவிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தான். மெல்லிய நகரத்துக் கோட்டு. அப்பாவின் முகத்துணியை விலக்கி வெகுநேரம் பார்த்தான். அந்த நேரத்துக்குத்தான் குமகாயும் வந்தார். தெருச் சங்கத்தின் தலைவர் அவர். சாவுக்குத் தலைமை ஏற்று நடத்துவதும், வீட்டார் சார்பில் கூட்டத்தில் பேசுவதும் அவர்தான். இசாமுவைப் போலவே விதைப் பைத்தியம். விதை மாற்றிக்கொள்வதும், என் முளைப்பு உன் முளைப்பைவிட மேல் என்று சண்டை போடுவதுமாக இருபது வருஷ சிநேகம். மண்டபம், மயானம், பிக்கு வரும் நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தவர் ஹிசாயோவைப் பார்த்து ஏதோ கேட்க வந்தவர்போல நின்றார். ஷின்யா தேநீர் கொண்டுவந்தான். குமகாய் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுப்படிப் பெண்களும் போன பிறகு ஷின்யா சொன்னான், நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் தங்களோடு வந்துவிட வேண்டும் என்று.

"இங்க தனியா என்ன பண்ணுவே?"

"அங்க நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. அங்கயும் அதைத்தான் பண்ணணும்."

"அங்க பனியாவது கிடையாதும்மா."

அவள் அவன் கோட்டை வாங்கி மாட்டினாள். இதைப் போட்டுக்கொண்டு மயானத்துக்கு வந்தால் நீயும் படுத்துவிடுவாய், அப்பாவுடையதைப் போட்டுக்கொள் என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் தெரு மண்டபத்தில் கடைசிச் சடங்கு. பெட்டியில் வைக்கக் கடைப் பூக்கள் வந்திருந்தன, வெள்ளைச் செவ்வந்தியும் லில்லியும். ஆளுக்கு ஒன்றாக அவர் தோளைச் சுற்றி வைத்தார்கள். வேறு மாதமாக இருந்தால் அவர் பூவாலேயே நிரப்பியிருக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். கடைப் பூவைப் பார்த்தால் முகம் சுளிக்கிற மனுஷர், இன்றைக்கு வாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டார்.

மூடுவதற்கு முன் குமகாய் எழுந்து வந்து கூட்டத்தைப் பார்த்து நின்றார். தாளைப் பிரித்தார். இசாமு பிறந்தது, வேலையில் சேர்ந்தது, தண்டவாளத்தில் பனி தள்ளியது என்று வாசித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் தாளை மடித்துவிட்டு, பார்க்காமல் பேசினார்.

"இந்தக் குளிர்காலத்துல அவரால முடியல. ஆனா அவரு விதைச்ச பன்னிரண்டு தட்டும் பனிக்கடியில இருக்கு. ஹிசாயோ-சான் தன் கையால வச்சாங்க. அந்தச் செய்தியோடதான் அவரு போயிருக்காரு. மூணு வருஷம் கழிச்சு அது பூக்கும்போது நாம எல்லாரும் பார்ப்போம்."

மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். எல்லோர் முகமும் அவள் பக்கம். ஹிசாயோ மடியில் இருந்த ஜெபமாலையின் மணிகளைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தார்கள். காது மடல் வரைக்கும் எரிந்தது அவளுக்கு.

அப்புறம் போட்டோ. பீடத்தின் முன்னால் உறவும் தெருவும் வரிசையாக நிற்க, போட்டோக்காரர் இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று நெருக்கினார். குமகாய் அவளுக்கு நேர் பின்னால். இதை ஏன் சொன்னீர்கள் என்று கேட்கத் திரும்பினாள்.

"அம்மா, இந்தப் பக்கம்," என்றார் போட்டோக்காரர்.

திரும்பிக்கொண்டாள். ஆனால் அந்தப் படத்தில் அவள் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

மயானத்தில் எரிந்து முடிய ஒன்றரை மணி நேரம். அவளும் ஷின்யாவும் ஒரே எலும்பை இரண்டு ஜோடிக் குச்சிகளால் பிடித்துக் குடத்தில் இட்டார்கள். பெரிய எலும்பு, ரயில்வேக்காரர் எலும்பு என்றார் மயானத்து ஆள், மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது மணி இரண்டரை. சாப்பாடு வீட்டிலேயே ஏற்பாடாகியிருந்தது. நாற்பத்தொன்பது நாள் குடம் இருக்க வேண்டிய சின்னப் பீடத்தைக் குமகாய் பொருத்திக் கொடுத்தார். ஷின்யா வந்தவர்களுக்குச் சாக்கே மது ஊற்றப் போனான். நடையில் ஹிசாயோவைத் தனியாகப் பார்த்ததும் குமகாய் குரலைத் தாழ்த்தினார்.

"தட்டு எங்க இருக்கு?"

"எந்தத் தட்டு?"

"ஹிசாயோ-சான்."

"எப்படித் தெரியும்?"

"பிப்ரவரி மூணாந்தேதி வந்தேன். நீங்க ஆஸ்பத்திரி போயிருந்தீங்க. அந்த ஜன்னல் வழியா நடை தெரியுது."

பிப்ரவரி மூன்று, வீட்டுக்குள்ளிருந்து பேயை விரட்ட வேர்க்கடலை எறிகிற நாள். அன்று வீடு திரும்பியபோது கதவுக் கைப்பிடியில் ஒரு பை கடலை தொங்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. யார் வைத்தது என்று தெரியாமல், எறிய ஆளும் இல்லாமல், அவளே உட்கார்ந்து தின்று தீர்த்தாள்.

"கடலை கொடுக்கவா வந்தீங்க?"

"கடலை சாக்கு. அவரு போன் பண்ணினாரு. 'ஹிசாயோ வச்சிட்டேங்கிறா. அந்தப் பக்கம் போனா கொட்டகைகிட்ட ஒரு பார்வை பாரு'ன்னாரு."

உள்ளே யாரோ சிரித்து, சிரித்தது தப்பென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"நம்பல," என்றாள் ஹிசாயோ.

குமகாய் மழுப்பவில்லை. "நம்பல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தோண்டி மூடின தடம் இருக்கு, நேரா, அழகா இருக்கு, உன்னைவிட நல்லா மூடியிருக்காங்கன்னேன்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அதுக்கப்புறம்தான் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்ககிட்ட என்னன்னு சொல்வாரு? ஆள் விட்டுப் பார்த்தேன்னா?"

அவள் பாய்லர் அறைக் கதவைத் திறந்தாள். விரிப்பை விலக்கினாள். குமகாய் குனிந்து மண்ணில் விரலை வைத்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு."

"ஒனொதேரா-சான். முந்தாநாள். ரெண்டு வாளி."

"பச்சைத் தண்ணியா?"

"வெந்நீர் கலந்து. நடுங்குமேன்னு."

குமகாய் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் விளக்கினார். காய்ந்தே இருந்திருந்தால் கவலையில்லை, அடுத்த குளிர்காலம் வரைக்கும் தூங்கும். நனைந்தபின் இந்தச் சூட்டில் விட்டால் அழுகும். இன்றைக்கே வெளியே போக வேண்டும். கொட்டகைத் தெற்கில் இனி பிரயோசனமில்லை, ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் அங்கே தரை தெரிந்துவிடும், நாள் பற்றாது. வீட்டுக்கு வடக்கே கூரையிலிருந்து பனி சரிந்து குவிந்திருக்கிறதே, அது மே பாதி தாண்டியும் கிடக்கும். அதற்குள் வைத்தால் அறுபது நாள் கிடைக்கும். வருமா என்று கேட்டால் சொல்ல முடியாது. பாதி வரலாம்.

"மண்டபத்துல அப்படி ஏன் பேசினீங்க?"

"ஊர் முன்னால சொல்லிட்டா நீங்க செஞ்சாகணுமில்ல." அவர் ஒரு தட்டைத் தூக்கினார். "நீங்க உள்ள போங்க. சாப்பாடு ஆறிப்போகும். நான் வச்சிடறேன்."

"கீழ வைங்க," என்றாள் ஹிசாயோ.

"முட்டி வலியோட..."

"பின்வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்தா போதும். கம்பிவலை கொட்டகையில இடது பக்கம் மாட்டியிருக்கும். பலகை அதுக்குப் பின்னால."

கறுப்புக் கிமோனோவை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இசாமுவின் ரப்பர் பூட்ஸில் காலை விட்டு அவள் வடக்குப் பக்கம் போனாள். வெயில் அங்கே வருவதில்லை. குவியல் ஜன்னல் மேல்விளிம்பு வரைக்கும் நின்றது. கூரைப் பனி விழுந்து விழுந்து இறுகியது. முதல் குத்துக்கு ஷவல் துள்ளித் திரும்பியது. இரண்டாவதற்கு ஒரு கை அளவு பெயர்ந்தது. பக்கவாட்டில் குடைந்து, மேலிருந்து கீழாக இறங்கினாள். வெட்டின முகத்தில் வரி வரியாகத் தெரிந்தது குளிர்காலம். மேலே வெள்ளையாகப் பொருபொருவென்று மார்ச். அதன் கீழே அடர்த்தியாகப் பிப்ரவரி, ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மங்கல் கோடு.

குமகாய் தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டு நின்றார். "இந்த ஆழம் போதும்," என்றார்.

ஹிசாயோ தோண்டினாள்.

இடுப்புக்குச் சற்றுக் கீழே ஷவல் டங்கென்று நின்றது. கல்லில்லை. விரல் கனத்தில் ஒரு பனிக்கட்டி ஏடு, சாம்பல் நிறத்தில், கண்ணாடிபோல, குவியலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். ஜனவரியில் ஒருநாள் அதிசயமாக மழை பெய்தது. நடுக் குளிர்காலத்தில் மழை. மறுநாள் ஊரே கண்ணாடியாகக் கிடந்தது, பஸ் ஓடவில்லை. அவள் நடந்தே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் வழுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து, காலுறைக்குள் ரத்தம் ஒட்ட, அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வச்சிட்டியா" என்றார்.

ஷவலைத் திருப்பி அதன் விளிம்பால் தட்டினாள். ஏடு பெரிய பெரிய துண்டுகளாக உடைந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, ஓரமாகத் தனியே வைத்தாள்.

"போதும் ஹிசாயோ-சான். இதுக்குக் கீழ போக வேண்டியதில்ல. குளிர் எல்லாம் ஒண்ணுதான்."

"தெரியும்," என்றாள். அந்த ஏட்டுக்குக் கீழேயும் ஒரு முழம் தோண்டினாள். அங்கே டிசம்பர்ப் பனி வேறு மாதிரி இருந்தது, சர்க்கரைபோல மணி மணியாக, கையில் எடுத்தால் சரிந்தது.

பன்னிரண்டு தட்டுகளையும் உள்ளே தள்ளி வரிசையாக வைத்தாள். துணி. கம்பிவலை. நான்கு மூலைக்கும் கல். பலகை. குமகாய் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கேட்டாலொழியக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, உள்ளே தேடுகிறார்களா பார்க்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பின்வாசல் கதவு திறந்தது. "அம்மா," என்று ஷின்யாவின் குரல். "எல்லாரும் கிளம்பறாங்க. அங்க என்ன பண்றே?"

"வச்சிட்டு வரேன்."

"எதை?"

"நீ அவங்களை அனுப்பி வை. வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஹிசாயோ முதலில் அந்தச் சர்க்கரைப் பனியைக் கையால் அள்ளி அள்ளிப் பலகை மறையும்வரை போட்டு அமுக்கினாள். பிறகு ஓரத்தில் வைத்திருந்த சாம்பல்நிறத் துண்டுகளை எடுத்தாள். உடைந்த பீங்கான் தட்டை ஒட்டுகிறவள்போல ஒன்றைத் திருப்பிப் பார்த்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, பொருந்தாததை மாற்றி, முன்பு இருந்த உயரத்திலேயே, கோடு இரண்டு பக்கமும் நேராகச் சேரும்படி, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள்.